ஒப்பந்த மீறல் வழக்கில் தீர்ப்புக்குப் பிறகு: மேல்முறையீடு, செலவுத்தொகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் உரிமையியல் வழக்குகளை நடத்தி வரும் எனக்கு, தீர்ப்பு வந்த அன்று மாலை கட்சிக்காரர்கள் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, கீழே விடை தந்திருக்கிறேன். விளக்கத்துக்காக ஒரு கற்பனை வழக்கை நெடுகப் பயன்படுத்துகிறேன். 12 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனையை விற்பதாகக் கிரைய ஒப்பந்தம் எழுதி, 3 லட்சம் முன்பணம் வாங்கிய ஒருவர் பின்வாங்கிவிடுகிறார். வாங்கவிருந்தவர் முன்பணம் 3 லட்சம், இழப்பீடு 2 லட்சம் என 5 லட்சம் கேட்டு வழக்குத் தொடுக்கிறார். நீதிமன்றம் முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி, இழப்பீட்டை மறுத்துவிடுகிறது.

1. தீர்ப்பு வந்துடுச்சு. அப்பீல் போட எத்தனை நாள் இருக்கு?

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றம் போன்ற கீழமை நீதிமன்றத்துக்குச் செல்வதானால் 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதானால் 90 நாள். எங்கே செல்வது என்பதை வழக்கின் மதிப்பும் தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் படிநிலையும் முடிவு செய்கின்றன. வணிக நீதிமன்றத் தீர்ப்பானால் 60 நாள். அதைப் பற்றிப் பதினோராம் கேள்வியில் தனியாகச் சொல்கிறேன். எது பொருந்தும் என்று உறுதியாகும்வரை 30 நாள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செயல்படுவதே பாதுகாப்பு.

2. நகல் கைக்குக் கிடைச்ச நாள்ல இருந்துதானே 30 நாள் கணக்கு?

இல்லை. நான் கேட்ட தவறான கணக்குகளிலேயே அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான். காலம் தீர்ப்பு நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. தீர்ப்பு சொன்ன நாளை விட்டுவிட வேண்டும். அதன்பிறகு, சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலம் மட்டும் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி கழிக்கப்படும். நகல் மனு போடுவதற்கு முன் நீங்கள் வீட்டில் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் போகும். தீர்ப்பாணையை (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதிய ஆணையை) எழுதி முடிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்களும், நகல் மனு போடப்படுவதற்கு முந்தியவை என்றால், கழிக்கப்படமாட்டா.

சான்றிட்ட நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், அதைச் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகல் கொடுக்கப்பட்ட நாள் என்று வரிசையாகத் தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும். ஜூன் 3 அன்று தீர்ப்பு, ஜூன் 10 அன்று நகல் மனு, ஜூலை 2 அன்று நகல் தயார் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் என்பது ஜூலை 3-இல் முடியும். அதோடு ஜூன் 10 முதல் ஜூலை 2 வரையிலான 23 நாட்களைச் சேர்த்தால் ஜூலை 26 கடைசி நாள். நகல் தயாராகிப் பத்து நாள் கழித்துப் போய் வாங்கினாலும் அந்தப் பத்து நாள் கழியாது. முத்திரைத்தாள் கேட்டுப் பட்டியல் ஒட்டிய பிறகு செலுத்தத் தாமதித்த நாட்களும் கழியா. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிட்டால் இந்தக் கணக்குக்கே அதிக வேலை இருக்காது. கடைசி நாள் மே மாத விடுமுறையிலோ வேறு விடுமுறையிலோ விழுந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளன்று தாக்கல் செய்யலாம்.

3. நாள் தவறிப் போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

பண்ணலாம், ஆனால் மேல்முறையீட்டோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும், ஏன் தாமதமானது என்பதை விளக்கும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிப்பது பற்றி முடிவாகும் வரை, மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்காத நிலையில் தீர்ப்பை நிறுத்தி வைக்கும் உத்தரவும் கிடைக்காது. இதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் ஆணையின் 3-அ விதி தெளிவாகச் சொல்கிறது. இனி வேறு சட்டத்தின் பெயர் சொல்லாமல் நான் தரும் ஆணை, பிரிவு எண்கள் இந்தச் சட்டத்தினுடையவை.

எத்தனை நாள் என்பதைவிட, அந்த நாட்களுக்கு நீங்கள் சொல்லும் காரணம் நம்பத்தக்கதா என்பதே பார்க்கப்படும். மருத்துவமனையில் இருந்திருந்தால் அதற்கான ஆவணம் வேண்டும். "உடல்நிலை சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு நூற்றைம்பது நாள் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுக்களைப் பார்க்கும்போது எனக்கே எதிர்த்தரப்பின் மீது இரக்கம் வந்துவிடுகிறது. மனு ஏற்கப்பட்டாலும், எதிர்த்தரப்புக்கு ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது வழக்கம். சொன்ன நாளுக்குள் அதைக் கட்டாவிட்டால் மன்னிப்பும் போய்விடும்.

4. அப்பீல் போட்டுட்டா எதிர்த்தரப்பு பணத்தை வசூல் பண்ண முடியாதுதானே?

முடியும். மேல்முறையீடு தாக்கல் செய்வதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது என்று 41-ஆம் ஆணையின் 5-ஆம் விதி நேராகவே சொல்கிறது. தனியாகத் தடை மனு போட்டு, தடை இல்லாவிட்டால் கணிசமான இழப்பு நேரும் என்பதையும், தாமதமின்றி வந்திருக்கிறீர்கள் என்பதையும் காட்டி, தொகைக்கு உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். பணத் தீர்ப்பாணையில் தொகையைக் கட்டவோ உத்தரவாதம் கொடுக்கவோ நீதிமன்றம் பணித்து, நீங்கள் அதைச் செய்யாவிட்டால், தடை கொடுக்கவே கூடாது என்று அதே விதி தடுக்கிறது. நடைமுறையில், தீர்ப்பாணைத் தொகையில் ஒரு பகுதியையும் செலவுத்தொகையையும் இத்தனை வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தடை வரும்.

மேல்முறையீட்டுக்கான நாட்கள் இன்னும் முடியாமலிருக்கும்போது எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு (தீர்ப்பாணைப்படி வசூலிக்கக் கோரும் மனு) போட்டுவிட்டால், தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே குறுகிய காலத் தடை கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

5. அப்பீலுக்கும் திரும்ப கோர்ட் ஃபீஸ் கட்டணுமா?

கட்ட வேண்டும், மேல்முறையீட்டில் நீங்கள் எதை எதிர்க்கிறீர்களோ அந்தத் தொகைக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான கட்டணம் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டில் வாங்கவிருந்தவர் 5 லட்சம் கேட்டு வழக்குப் போட்டபோது 15,000 ரூபாய் கட்டியிருப்பார். விற்க மறுத்தவர் 3 லட்சத் தீர்ப்பாணையை எதிர்த்தால் 9,000. வாங்கவிருந்தவர் மறுக்கப்பட்ட 2 லட்சத்துக்காகப் போனால் 6,000. கட்ட வழியில்லாதவர்கள் 44-ஆம் ஆணையின்படி ஏழையர் மேல்முறையீடாக அனுமதி கேட்கலாம்.

6. நான் ஜெயிச்சா வக்கீலுக்குக் கொடுத்தது, அலைஞ்ச செலவு எல்லாம் திரும்ப வந்துடுமா?

வராது, ஒரு பகுதி வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தோற்றவர் செலவைக் கொடுப்பதே பொதுவிதி என்றும், அதிலிருந்து விலகினால் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் "செலவு" என்பது உங்கள் சட்டைப்பையிலிருந்து போன பணம் அன்று. தீர்ப்பாணையின் அடியில் ஒரு சிறு பட்டியல் இருக்கும்: வழக்குரைக்கு ஒட்டிய முத்திரை, வக்காலத்து முத்திரை, அழைப்பாணைக் கட்டணம், சாட்சிப் படி, ஆணையர் கட்டணம், விதிப்படியான வழக்குரைஞர் கட்டணம். வாதிக்கு ஒரு நிரல், பிரதிவாதிக்கு ஒரு நிரல். கடைசியில் வரும் கூட்டுத்தொகைதான் உங்களுக்கு உரியது. அதில் வழக்குரைஞர் கட்டணம் விதிகளில் உள்ள அளவின்படி கணக்கிடப்படும். நீங்கள் உண்மையில் கொடுத்ததன்படி அன்று. அதையும் பெற, உங்கள் வழக்குரைஞர் கட்டணச் சான்றை உரிய நேரத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். அது இல்லாததால் அந்த வரியில் வெறும் கோடு மட்டும் விழுந்திருக்கும் தீர்ப்பாணைகள் ஏராளம். வாதம் முடியும் முன்பே இதை நினைவூட்டுவது கட்சிக்காரரின் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்த நிலை சரியா என்று உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் தந்த தீர்ப்பில், வென்றவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்குமிடம் உட்பட நியாயமான உண்மைச் செலவு கிடைக்க வேண்டும் என்றும், அதற்கேற்ப உயர் நீதிமன்றங்கள் விதிகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் 2011-இல், டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் விதித்த 45.28 லட்சம் ரூபாய் செலவுத்தொகையை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விதிகள் இடம் கொடுக்காதபோது, உண்மையான செலவு என்ற பெயரில் விதிகளைத் தாண்டித் தொகை விதிக்க முடியாது என்பது காரணம். விருப்பம் ஒரு பக்கம், விதி ஒரு பக்கம் என்பதுதான் இன்றும் நிலைமை. ஆகவே மேல்முறையீட்டின் வரவு செலவைக் கணக்கிடும்போது வழக்குரைஞர் கட்டணத்தைத் திரும்ப வரும் பணமாகச் சேர்க்காதீர்கள்.

7. ஜெயிச்சேன், ஆனா "செலவுத்தொகை இல்லை"ன்னு எழுதிட்டாங்க. அதுக்கு மட்டும் அப்பீல் போகலாமா?

போகலாம், பெரும்பாலும் பயனில்லை. செலவு என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை சார்ந்தது என்பதால், செலவை மட்டும் எதிர்த்து வரும் மேல்முறையீட்டில் மேல் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. காரணமே சொல்லாமல் மறுத்தார்கள், அல்லது சட்டத்துக்குப் புறம்பான காரணத்தைச் சொன்னார்கள் என்று காட்ட முடிந்தால் மட்டுமே முயலலாம். செலவு மட்டுமே மேல்முறையீட்டுப் பொருளாக இருந்தால் அந்தத் தொகைக்கும் நீதிமன்றக் கட்டணம் உண்டு.

எதிர்த்தரப்பு எப்படியும் மேல்முறையீடு போயிருந்தால் கதை வேறு. அடுத்த விடையில் சொல்லும் எதிர் ஆட்சேபணையில் செலவையும் ஒரு காரணமாகச் சேர்த்துவிடலாம்.

8. பாதி ஜெயிச்சேன், பாதி தோத்தேன். காஸ்ட் யாருக்கு? மீதிக்கு நானும் அப்பீல் போடணுமா?

நம் எடுத்துக்காட்டில் 5 லட்சத்தில் 3 லட்சம் கிடைத்ததால், "விகிதாசாரச் செலவு" என்று தீர்ப்பில் இருந்தால், வாங்கவிருந்தவர் கட்டிய 15,000 ரூபாய் கட்டணத்தில் 9,000 அவருக்குத் திரும்ப வரும். மறுக்கப்பட்ட பகுதிக்கான செலவைப் பிரதிவாதிக்குத் தரும்படியும் நீதிமன்றம் சொல்லக்கூடும். அதனால்தான், நிரூபிக்க வழியில்லாத இழப்பீட்டை "கேட்டுத்தான் பார்ப்போமே" என்று வழக்குரையில் ஏற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, மீறலின் விளைவாக இயல்பாக ஏற்பட்ட, காட்டக்கூடிய இழப்புக்கே ஈடு தருகிறது. கேட்ட தொகை பெரிதாக இருந்தால் கட்டணமும் பெரிது, தோற்ற விகிதமும் பெரிது.

மறுக்கப்பட்ட 2 லட்சத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு மேல்முறையீடு போடலாம். அல்லது, எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட்டு உங்களுக்கு அறிவிப்பு வந்தால், அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபணை, அதாவது அவருடைய மேல்முறையீட்டுக்குள்ளேயே தீர்ப்பில் உங்களுக்குப் பாதகமான பகுதியை எதிர்க்கும் மனு, தாக்கல் செய்யலாம். அவர் பிறகு மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் ஆட்சேபணை உயிரோடிருக்கும். ஆனால் அவர் போடவே இல்லையென்றால் உங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இரண்டாம் விடையின் கடைசி நாளும் கடந்திருக்கும்.

9. முழுக்க முழுக்கப் பொய் வழக்கு. எனக்கு நஷ்டஈடா பெருசா காஸ்ட் போடச் சொல்லலாமா?

35-அ பிரிவு இதற்கென்றே உள்ளது. பொய்யானது அல்லது தொல்லை தரும் நோக்கமுடையது என்று தெரிந்தே எழுப்பிய கோரிக்கைக்கோ எதிர்வாதத்துக்கோ ஈட்டுச் செலவு விதிக்கலாம். உச்சவரம்பைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 3,000 ரூபாய். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டதோடு சரி. இதைக் கேட்க விரும்புபவர், வழக்கு பொய் என்ற ஆட்சேபத்தை வழக்கு முடியும் முன்பே எழுப்பியிருக்க வேண்டும்; எதிர்வழக்குரையிலேயே (பிரதிவாதியின் எழுத்துப் பதிலிலேயே) எழுப்பிவிடுவது நல்லது.

மேல்முறையீட்டில் இந்தப் பிரிவு பொருந்தாது. வீணான மேல்முறையீட்டுக்கு 35-ஆம் பிரிவின் பொது அதிகாரத்தின்படியே செலவு விதிப்பார்கள். 35-அ உத்தரவு யார்மீது விதிக்கப்பட்டதோ அவர், விதித்திருக்கவே கூடாது அல்லது குறைத்து விதித்திருக்க வேண்டும் என்ற காரணங்களுக்காக மட்டும் மேல்முறையீடு செய்யலாம்.

10. வாய்தா கேட்டதுக்கு 1,000 ரூபாய் காஸ்ட் போட்டாங்க. கடைசியில கட்டினா போதாதா?

போதாது. 35-ஆ பிரிவின்படி தாமதத்துக்காக விதிக்கப்படும் செலவை அடுத்த தேதியில் கட்டுவது, வழக்கை மேலும் நடத்துவதற்கான முன்நிபந்தனை. கட்டாவிட்டால் வாதியானால் வழக்கையும், பிரதிவாதியானால் எதிர்வாதத்தையும் மேற்கொண்டு நடத்த முடியாமல் போகும். சின்னத் தொகைதானே என்று விட்டு, குறுக்கு விசாரணை உரிமையை இழந்து, பிறகு மேல்முறையீட்டில் அதைச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிய இந்தத் தொகை, இறுதியில் நீங்களே வென்றாலும், ஆறாம் விடையில் சொன்ன பட்டியலில் ஏறாது.

11. நான் நூல் வியாபாரி. மில்லுக்குச் சப்ளை பண்ணின பாக்கி 9 லட்சம். எனக்கும் இதே சட்டமா?

சரக்கு விற்பனை ஒப்பந்தத்திலிருந்து எழுந்த தகராறு, மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும். 1 கோடியாக இருந்த வரம்பு 2018-இல்தான் 3 லட்சமாகக் குறைந்தது. இங்கே மேல்முறையீட்டுக்கு 60 நாள். மூன்றாம் விடையில் சொன்ன தாராளத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்: 2021-இல் உச்ச நீதிமன்றம், குறுகிய தாமதத்தை, அதுவும் விதிவிலக்காக மட்டுமே மன்னிக்கலாம் என்று சொல்லிவிட்டது. இடைக்கால உத்தரவுகள் பெரும்பாலானவற்றை எதிர்த்து இங்கே தனியாகப் போகவும் முடியாது.

செலவுப் பிரிவும் வேறு. வணிக வழக்குகளுக்கென 35-ஆம் பிரிவு புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. தரப்பினரின் நடத்தை, ஓரளவு வென்றிருந்தால் அந்த அளவு, அற்பமான எதிர்க்கோரிக்கையால் வழக்கு நீண்டதா என்பவற்றோடு, நியாயமான சமரசத் தொகையை ஒருவர் முன்வைத்து மற்றவர் காரணமின்றி மறுத்தாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஒன்பதாம் விடையில் சொன்ன 3,000 ரூபாய் வரம்பும் இங்கே இல்லை. ஆகவே மில் உங்களுக்கு 8 லட்சம் தர எழுத்தில் முன்வந்து, நீங்கள் ஒன்பதுக்காகப் பிடிவாதம் பிடித்து, தீர்ப்பு ஏழரையில் வந்தால், வென்ற நீங்களே செலவில் இழக்கலாம். சமரசக் கடிதங்களுக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள்; மறுப்பதானாலும் காரணம் சொல்லி மறுங்கள்.

12. விசாரணைல காட்டாத ரசீது இப்பக் கிடைச்சிருக்கு. அப்பீல்ல காட்டலாமா?

41-ஆம் ஆணையின் 27-ஆம் விதி மிகக் குறுகிய வாசல். விசாரணை நீதிமன்றம் ஏற்க மறுத்த ஆவணம், உரிய முயற்சி எடுத்தும் அப்போது கிடைக்காத ஆவணம், அல்லது தீர்ப்புச் சொல்ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே தேவைப்படும் ஆவணம் ஆகியவையே நுழையலாம். வீட்டு அலமாரியில் இருந்த ரசீதைத் தேடாமல் விட்டது "முயற்சி" ஆகாது.

13. முதல் அப்பீல்லயும் தோத்துட்டேன். ஐகோர்ட்டுக்குப் போனா மறுபடி எல்லாத்தையும் பாப்பாங்களா?

பார்க்கமாட்டார்கள். 100-ஆம் பிரிவின்படி இரண்டாம் மேல்முறையீடு முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால் மட்டுமே. உயர் நீதிமன்றம் அந்தக் கேள்வியை வகுத்துவிட்டே விசாரிக்க வேண்டும். முன்பணம் கொடுத்தாரா இல்லையா, கையெழுத்து அவருடையதா என்பன உண்மை பற்றிய முடிவுகள். அவை பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடும். ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனைக்குப் பொருள் கொண்டதில் சட்டப்பிழை, தேவையான சான்றைப் பாராமலே முடிவெடுத்தது போன்றவை வேறு. வெறும் பணம் கேட்கும் வழக்கு 25,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. காலம் 90 நாள். தென் மாவட்டத்தார் 2004-இல் திறந்த மதுரைக் கிளையில் தாக்கல் செய்யலாம்.

14. அப்பீல் நடக்கும்போதே பேசி முடிச்சுக்கறோம். கட்டின ஃபீஸ் போயிடுமா?

போகாது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டணம் திரும்பும். வெளியே தனியாகப் பேசி முடித்துவிட்டு மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றாலும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவின்படி திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் பதிவுத்துறை மேல்முறையீடு கொண்டுசென்ற வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மக்கள் நீதிமன்றத் தீர்வையோ, இருவரும் ஒப்பிய தீர்ப்பாணையையோ எதிர்த்துப் பிறகு மேல்முறையீடு இல்லை. செலவு யாருக்கு என்பதையும் சமரச மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

15. தடை கிடைக்கல, 3 லட்சத்தையும் காஸ்ட்டையும் கட்டிட்டேன். இப்ப அப்பீல்ல ஜெயிச்சுட்டேன். கட்டினது?

144-ஆம் பிரிவின்படி முதல் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கட்டிய தொகையையும் செலவையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இதற்குத் தனி வழக்குப் போடக்கூடாது என்று அந்தப் பிரிவே தடுக்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாணையில் இரு நீதிமன்றங்களின் செலவும் யார்மீது என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதை நகல் வாங்கிய அன்றே பாருங்கள். "மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது" என்று மட்டும் இருந்து, கீழ் நீதிமன்றச் செலவு பற்றிப் பேச்சே இல்லையென்றால், எழுத்துப் பிழையாலோ கவனக்குறைவாலோ விடுபட்டதைத் திருத்தும் 152-ஆம் பிரிவில் ஒரு மனுப் போடலாம். எதிர்த்தரப்பு திருப்பித் தர மறுத்தால் அதையும் நிறைவேற்று மனுவில் வசூலிக்க வேண்டியதுதான். அந்த மனுவுக்கும் ஒரு முத்திரை, ஒரு அழைப்பாணைக் கட்டணம் உண்டு.